ஆலுவின் எடை

போன ஞாயிற்றுக்கிழமை எங்கள் குடியிருப்பின் லிஃப்டில் ஒரு லாப்ரடார் குட்டி ஏறியது. கூடவே ஓர் இளைஞரும் ஏறினார், ஆனால் நான் முதலில் பார்த்தது குட்டியைத்தான். மழையில் நன்றாக நனைந்திருந்தது. ஈர நாயின் வாசனை உங்களுக்குத் தெரியுமா? ஊறிய கோணிச்சாக்கும் புளித்த பாலும் சேர்ந்தாற்போல இருக்கும். பிடிக்காதவர்கள் மூக்கைப் பொத்திக்கொள்வார்கள். நான் என் தளத்தில் இறங்க மறந்து, அவருடைய தளத்தில் இறங்கினேன்.

"நாலு மாசம்தான் ஆன்ட்டி. அதுக்குள்ள இருபத்தொரு கிலோ!" என்றார் பெருமையாக.

"அதிகம்" என்றேன்.

"எல்லாரும் நல்லா ஹெல்தியா இருக்கான்னு சொல்றாங்களே?"

"விலாவைத் தடவிப் பாருங்க. எலும்பு விரல்ல தட்டுப்படணும். மேலருந்து பாத்தா இடுப்பு உள்வாங்கி இருக்கணும். இது உருளையால்ல இருக்கு?"

அவர் முகம் சுருங்கிவிட்டது. தன் குழந்தையை யாரோ குறை சொன்னதுபோலக் குட்டியைத் தூக்கி அணைத்துக்கொண்டு உள்ளே போய்விட்டார். வீட்டுக்கு வந்து சொன்னதும் என் கணவர் கேட்டார்: "நீ என்னிக்கு நாய் வளத்த?" நியாயமான கேள்வி. நான் ஒருநாளும் நாய் வளர்த்ததில்லை. ஆனாலும் லாப்ரடார் எந்த மாதத்தில் ஏறத்தாழ எவ்வளவு எடை இருக்கலாம், எப்போது பால்பல் விழும், எப்போது கால்கள் மட்டும் நீண்டு கட்டில் கால்களைப்போல நிற்கும், எல்லாம் எனக்குத் தெரியும். எப்படித் தெரியும் என்பதில் எனக்குப் பெருமைப்பட எதுவும் இல்லை.

தொண்ணூறுகளின் நடுவில் அப்பாவுக்குக் கல்கத்தா துறைமுகத்துக்கு மாற்றல் வந்தது. திருநெல்வேலியிலிருந்து இரண்டு டிரங்குப் பெட்டியும் ஒரு கிரைண்டருமாகப் போய் இறங்கினோம். எனக்குப் பதினொரு வயது. டாலிகஞ்சில், மெட்ரோ நிலையத்திலிருந்து பத்து நிமிட நடையில் ஒரு பழைய வீட்டின் மாடிப் பகுதி கிடைத்தது. கீழ்ப் பகுதியில் இன்னொரு தமிழ்க் குடும்பம். அந்த வீட்டு மாமாவுக்கு ஹவுராவில் ஒரு தொழிற்சாலையில் இன்ஜினியர் வேலை. அவர் மனைவி வசந்தா மாமி. அவர்களுடைய ஒரே மகள் நித்யா. என்னைவிட ஒரு வயது மூத்தவள், ஆனால் ஒரே வகுப்பு. அவள் அங்கேயே பிறந்து வளர்ந்தவள். ஒரு வாக்கியத்தைத் தமிழில் தொடங்குவாள், பாதி வழியில் அதை இறக்கிவிட்டு வங்காளத்தில் ஏறிப் போய்விடுவாள். "ஷோன், நான் சொல்றத கேளு" என்பாள். ஷோன் என்றாலும் கேள் என்றுதான் அர்த்தம். ஆக எதையும் இரண்டு தடவை கேட்கச் சொல்கிறவள்.

வகுப்பில் என் வங்காளத்தைக் கேட்டு எல்லோரும் சிரித்தபோது சிரிக்காத ஒரே ஆள் நித்யாதான். வீட்டுக்கு வந்து தனியாக வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தாள், அது வேறு விஷயம். அந்த முதல் வருஷம் முழுக்க அவள் எனக்கு மட்டும் உரியவளாக இருந்தாள். சாயங்காலங்களில் பின்பக்கப் படிக்கட்டில் உட்கார்ந்து, முறுக்கும் அவர்கள் வீட்டு முடியும் (பொரியைத்தான் அங்கே அப்படிச் சொல்வார்கள்) கலந்து கொறிப்போம். அவளுக்குப் பக்கத்து இடம் என்னுடையது என்று நான் நினைத்திருந்தேன்.

ஒரு ஜனவரி மாதம் அந்த இடத்துக்கு நாய் வந்தது.

ஜாதவ்பூரில் மாமாவுக்குத் தெரிந்த ஒரு பேராசிரியர் வீட்டில் லாப்ரடார் குட்டி போட்டிருந்தது. ஆரஞ்சுக் கூடையில் வைக்கோலுக்கு நடுவே ஒன்றைக் கொண்டுவந்தார்கள். எட்டு வாரக் குட்டி. மஞ்சள் நிறத்தில், கழுவி வைத்த உருளைக்கிழங்கு போல இருந்ததால் நித்யா அதற்கு ஆலு என்று பெயர் வைத்தாள். "அது எங்கடி தூங்கும்?" என்று நான் கேட்டதற்கு, "அது இல்ல, அவன். அவன் என் ரூம்ல தூங்குவான்" என்றாள். அன்றிலிருந்து ஆலு அவன்தான்.

முதல் ஞாயிற்றுக்கிழமையே எடை பார்த்தார்கள். மாமா எதையும் அளந்து பார்க்கிற மனிதர். குளியலறை எடைப் பலகையில் முதலில் அவர் மட்டும் ஏறுவார். பிறகு ஆலுவைத் தூக்கிக்கொண்டு ஏறுவார். கையில் குட்டி இருந்தால் அவருக்கு முள் தெரியாது, அதனால் குனிந்து முள்ளைப் பார்த்துச் சொல்லும் வேலை எனக்கு. கழித்து எழுதும் வேலை நித்யாவுக்கு. ஐந்து கிலோ. நித்யா கணக்கு நோட்டிலிருந்து கிராஃப் தாள் கிழித்துக் கதவில் ஒட்டி, முதல் புள்ளி வைத்தாள். பேராசிரியர் ஒரு பழைய நாய்ப் புத்தகம் கொடுத்திருந்தார். அதிலிருந்த வளர்ச்சி அட்டவணையைப் பார்த்து, ஆலு எப்படி வளர வேண்டும் என்று அதே தாளில் பென்சிலால் ஒரு கோடு போட்டாள். நான் அன்று இரவே அந்த அட்டவணையை மனப்பாடம் செய்துவிட்டேன். எதற்கு என்கிறீர்களா? அவளுக்குத் தெரிந்தது எனக்கும் தெரிய வேண்டும், அவ்வளவுதான்.

அம்மாவிடம் நாய் கேட்டேன்.

"ஏட்டி, இருக்கது ரெண்டு ரூம்பு. நாய எங்கன படுக்கப் போட? ஒங்கப்பா தலமாட்டுலயா?" என்றாள் அம்மா. "கீழ தான் ஒண்ணு கெடக்குல்லா, அதப் போய்ப் பாத்துக்க."

அதைப் பார்க்கப் பார்க்கத்தான் எனக்கு வயிறு எரிந்தது. நாய் கிடைத்ததால் நித்யாமேல் பொறாமையா, நித்யா கிடைத்ததால் நாய்மேல் பொறாமையா என்று இன்று வரைக்கும் எனக்குப் பிரித்துச் சொல்லத் தெரியவில்லை. பள்ளிவிட்டதும் முன்பெல்லாம் புளிப்பு மிட்டாய் வாங்க நிற்பவள், இப்போது ஓட்டமும் நடையுமாக வீட்டுக்குப் போனாள். கேட்டைத் திறந்ததும் ஆலு எங்கள் இருவரையும் நோக்கிப் பாய்ந்து வருவான். கடைசி நொடியில் என்னைத் தாண்டி அவள்மேல் விழுவான். "போஷ்" என்று அவள் சொன்னால் உட்காருவான். அதே "போஷ்"ஷை நான் சொன்னால், உட்காரலாமா என்று திரும்பி அவளைப் பார்ப்பான். உச்சரிப்பு சரியில்லையோ என்று கண்ணாடி முன் நின்று நான் பழகியதை உங்களிடம் மட்டும் சொல்கிறேன்.

நான்காம் மாதம் அவனுக்குப் பால்பல் விழ ஆரம்பித்தது. ஒரு நாள் படியில் அரிசி மாதிரி ஒரு பல் கிடந்தது. நித்யா ஏற்கெனவே மூன்று பல்லைத் தீப்பெட்டியில் சேர்த்து வைத்து வகுப்பெல்லாம் காட்டியிருந்தாள். நான் அந்தப் பல்லை எடுத்து ஜியாமெட்ரி பாக்ஸில் ஒளித்தேன். அதுதான் முதல் திருட்டு.

இரண்டாவது திருட்டு தோசை.

செவ்வாய், வியாழன், சனி மூன்று நாளும் சாயங்காலம் நித்யாவுக்கு நடன வகுப்பு. மாமி அந்த நேரத்தில் சற்றுக் கண்ணயர்வாள். ஆலு பின்கட்டில் தனியாகத் திரிவான். ஒரு வியாழக்கிழமை நான் படியில் உட்கார்ந்து தோசை தின்றுகொண்டிருந்தேன். ஆலு கீழ்ப்படியில் முன்னங்கால்களை வைத்து, தலையைச் சாய்த்து என்னைப் பார்த்தான். முதல்முறையாக, அவளைத் திரும்பிப் பார்க்காமல் என்னை மட்டுமே பார்த்தான். ஒரு விள்ளல் போட்டேன். காற்றிலேயே பிடித்தான். இன்னொன்று. ஐந்து நிமிஷத்தில் என் மடியில் தலையை வைத்துப் படுத்துவிட்டான். சூடான, கனமான தலை. அந்தக் கனம் என் தொடையில் இப்போதும் இருக்கிறது.

சனிக்கிழமை நெய் தடவிய தோசையோடு காத்திருந்தேன். அடுத்த வாரம் அவனே மாடிக்கு ஏறி வந்தான். பிறகு நடன வகுப்பு இல்லாத நாட்களிலும், நித்யா குளிக்கும் நேரம், பாடம் எழுதும் நேரம் என்று சந்து கண்டுபிடித்தேன். சப்பாத்தி, பூரி, பால்கோவா, கடையில் வாங்கிய சந்தேஷ் இனிப்பு. கோடை விடுமுறையில் கணக்கே கிடையாது. அம்மா பார்த்தாள். நான் கீழ்வீட்டு நாய்க்குக் கீழ்வீட்டாருக்குத் தெரிந்துதான் போடுகிறேன் என்று நினைத்துக்கொண்டாள். நானும் அந்த நினைப்பைக் கலைக்கவில்லை.

பலன் கிடைத்தது. ஜூன் மாதம் பள்ளி திறந்த அன்று, கேட்டைத் திறந்தோம். ஆலு பாய்ந்து வந்தான். நித்யா வழக்கம்போல் மண்டியிட்டுக் கைகளை விரித்தாள். அவன் அவளைச் சுற்றிக்கொண்டு வந்து என் பையில் மூக்கை நுழைத்தான். நித்யா விரித்த கைகளை என்ன செய்வதென்று தெரியாமல் ஷூ நாடாவைக் கட்டுவதுபோலக் குனிந்துகொண்டாள். அந்தக் கணத்தை நான் ரசித்தேன். ராத்திரி படுத்தபின் மறுபடி மறுபடி நினைத்து ரசித்தேன்.

கதவிலிருந்த கிராஃபில் புள்ளிகள் பென்சில் கோட்டை விட்டு மேலே ஏறிக்கொண்டிருந்தன. ஆறாம் மாதத்தில் லாப்ரடார் மெலிந்து, காலும் காதுமாக, பார்க்கக் கொஞ்சம் அசட்டுத்தனமாக இருக்க வேண்டும். எல்லாம் உயரத்துக்குப் போகும் பருவம் அது. ஆலு அப்போதே பீப்பாய் மாதிரி இருந்தான். மாமாவுக்குப் பெருமை தாங்கவில்லை. "இருபத்தெட்டு! சிங்கக்குட்டிடா நீ!" என்பார். தெருவில் போகிறவர்களெல்லாம் நின்று பார்த்தார்கள். குனிந்து முள்ளைப் படிக்கும் எனக்கு மட்டும் அந்த எண்ணில் எத்தனை தோசை இருக்கிறதென்று தெரியும்.

பூஜை விடுமுறைக்கு முந்தைய வாரம் ஆலு நொண்ட ஆரம்பித்தான். காலையில் எழுந்தால் பின்னங்கால் இரண்டும் ஊன்ற மறுக்கும். நாலு அடி நடந்து உட்கார்ந்துவிடுவான். மஞ்சள் டாக்சியில் போட்டுக்கொண்டு டாக்டரிடம் போனோம். நானும் போனேன், ஆலு என் மடியில் தலைவைத்துப் படுத்திருந்ததால் என்னை இறக்கிவிட முடியவில்லை. டாக்டர் ஒரு பெண், முப்பது வயதிருக்கும். இடுப்பை மெல்ல மடக்கிப் பார்த்தார். விலாமேல் விரல்களை ஓட்டினார். ஓட்டிக்கொண்டே இருந்தார்.

"எலும்பே தட்டுப்படலையே" என்றார் வங்காளத்தில். "பத்து மாசம். முப்பத்தொன்பது கிலோ. நல்லா வளந்த ஆண் நாயே முப்பதுலருந்து முப்பத்தஞ்சுக்குள்ள இருந்தாப் போதும். இவனுக்கு எலும்பு இன்னும் முத்தல. மூட்டு பிஞ்சு. அதுமேல இவ்வளவு பாரத்த ஏத்தினா எப்படித் தாங்கும்? என்ன போடறீங்க?"

மாமி ஒப்பித்தாள். காலையில் இத்தனை, மாலையில் இத்தனை, எல்லாம் அளந்து.

"இந்த அளவுக்கு இந்த எடை வராது, மாமி. வீட்டுல யாரோ கூடப் போடறாங்க."

மாமா திரும்பி நித்யாவைப் பார்த்தார். நான் ஜன்னலைப் பார்த்தேன்.

அன்று மாலை அம்மா காய்கறி வாங்கப் போயிருந்த நேரத்தில் கீழேயிருந்து சத்தம் கேட்டது. மாமா சத்தம் போட்டு நான் அதற்குமுன் கேட்டதில்லை. "வேற யாரு குடுப்பா? பொய் வேற சொல்றியா? ஒழுங்கா வளக்கத் தெரியலன்னா ஹவுராவுல தோட்டம் இருக்கற வீடு ஒண்ணு பாத்து வச்சிருக்கேன், குடுத்துருவேன்!" நித்யா அழுதுகொண்டே, "சத்தியமா நான் இல்லப்பா, ஷொத்தி பொல்சி" என்று இரண்டு மொழியிலும் சத்தியம் செய்தாள்.

மாடியில் நான் என்ன நினைத்தேன் தெரியுமா? ஆலு போய்விட்டால் நித்யா பழையபடி எனக்குக் கிடைத்துவிடுவாள். இதைத்தான் நினைத்தேன். பன்னிரண்டு வயதில் மனம் அவ்வளவு சுத்தமாகக் கெட்டுப்போக முடியுமா என்று யாராவது கேட்டால், முடியும் என்பதற்கு நானே சாட்சி.

தோசை போடுவதை நிறுத்தினேன். மாட்டிக்கொள்ளாமல் இருக்கத்தான். ஆனால் அவனுக்கு அது தெரியாதே. மூன்றாம் நாள், நொண்டிக்கொண்டே, ஒவ்வொரு படியாக நின்று மூச்சுவாங்கி, மாடிக்கு ஏறி வந்துவிட்டான். அடுக்களை வாசலில் உட்கார்ந்து முனகினான். பின்னாலேயே நித்யா, "ஆலு, எங்கடா போற, படி ஏறாத" என்று ஓடி வந்தாள். நான் நகரவில்லை. அம்மா தோசைக்கல்லைத் துடைத்தபடி எட்டிப் பார்த்தாள்.

"இந்தா, வந்துட்டாம்லா மணியடிச்ச மாதிரி! ஏட்டி, இன்னிக்கு ஏன் அவனக் காயப் போட்ட? நாலு தோச வச்சிருக்கேன் பாரு, போடு. நித்யா, நீயும் ஒண்ணு சாப்புடுதியாம்மா?"

நித்யா அம்மாவைப் பார்த்தாள். தோசையைப் பார்த்தாள். கடைசியாகத்தான் என்னைப் பார்த்தாள்.

"டெய்லி குடுப்பியா?" என்று கேட்டாள்.

நான் தலையசைத்தேன்.

அவள் கத்தவில்லை. ஆலுவின் விலாவில் விரல்களை வைத்து, டாக்டர் செய்ததுபோல ஓட்டினாள். "என்கிட்ட கேட்டிருந்தா ஒரு நாள் ஃபுல்லா ஒன்கிட்டயே விட்டிருப்பேன். பாதி நாய் குடுத்திருப்பேன்டி" என்றாள். பிறகு அவனுடைய பின்பாரத்தைத் தன் துப்பட்டாவால் தாங்கிப் பிடித்து, ஒவ்வொரு படியாக இறக்கிக் கூட்டிப் போனாள்.

மாமா மேலே ஏறி வருவார் என்று நான் காத்திருந்தேன். வரவில்லை. மறுநாள் வசந்தா மாமி அம்மாவிடம், "நித்யாதான் குடுத்திருக்கா. ஒத்துண்டுட்டா. இனிமே குடுக்க மாட்டேன்னு அவ அப்பா கால்ல விழுந்தா, பாவம். நாயை அனுப்பலன்னு சொல்லிட்டார்" என்றாள். அம்மா என்னை ஒரு பார்வை பார்த்தாள். மாமி போனபிறகு, "நீயா போய்ச் சொல்லுதியா, நான் சொல்லட்டுமா?" என்று மட்டும் கேட்டாள்.

அந்த ஞாயிற்றுக்கிழமை போய்ச் சொன்னேன். மாமா எடைப் பலகைமேல் நின்றிருந்தார். கேட்டுவிட்டு நிதானமாக இறங்கினார். "நித்யாவ நான் திட்டினப்ப நீ மேலதானே இருந்தே?" என்றார். நித்யா என் பழியைத் தான் ஏற்றுக்கொண்டாளே, நன்றியில் நான் உருகிப் போயிருப்பேன் என்று நினைப்பீர்கள். எனக்கு அதிலும் பொறாமைதான் வந்தது. நாய் அவளிடம், நல்ல மனசும் அவளிடமா?

அதன்பிறகு ஏழெட்டு மாதம் அவள் என்னோடு பேசவில்லை. ஆலுவுக்கு அளந்த சாப்பாடு, தட்டில் பாதிக்கு வேகவைத்த பூசணி, காலையில் மெதுநடை. நான் ஜன்னலிலிருந்து பார்ப்பேன். ஞாயிற்றுக்கிழமை முள் பார்ப்பவள் மாமி ஆகிவிட்டாள். கீழேயிருந்து எண் மட்டும் கேட்கும். முப்பத்தெட்டு. முப்பத்தேழரை. ஒரு வாரம் கேட்காவிட்டால் எனக்கு அன்று சோறு இறங்காது.

அடுத்த கோடையில் மாமா வேலையாக வெளியூர் போயிருந்தார். எடை பார்க்கும் ஞாயிறு. கீழேயிருந்து நித்யாவின் குரல் வந்தது. "மேல யாராவது இருக்கீங்களா? எனக்கு இவனத் தூக்க முடியல."

யாராவது என்றுதான் கூப்பிட்டாள். நான் மூன்று மூன்று படியாகத் தாண்டி இறங்கினேன். இருவராலும் தூக்க முடியவில்லை. கடைசியில் சங்கிலி போட்டு, சந்தைக்குள் இருந்த உருளைக்கிழங்கு மண்டிக்குக் கூட்டிப் போனோம். அங்கே மூட்டை நிறுக்கும் பெரிய தராசு இருந்தது. கடைக்காரர் விஷயத்தைக் கேட்டார். பெயர் என்ன என்றார். ஆலு என்றதும் பீடியைக் கீழே வைத்துவிட்டுச் சிரித்தார், கூலியாட்களை எல்லாம் கூப்பிட்டுச் சொல்லிச் சிரித்தார். "ஆலு கொதோ கோரே?" என்று ஒருவர் விலை விசாரித்தார். "போஷ்" என்றாள் நித்யா. தராசில் கம்பீரமாக உட்கார்ந்தான். முப்பத்து மூன்று கிலோ.

ஒன்றரை வயது. மார்பு அகன்று, இடுப்பு உள்வாங்கி, அட்டவணையில் போட்டிருந்தபடியே ஓர் ஆண் லாப்ரடார். நித்யா என் கையைப் பிடித்து அவன் விலாவில் வைத்தாள். "ஷோன், இங்க தொடு. தெரியுதா?" ஒன்று, இரண்டு, மூன்று என்று எலும்பு தட்டுப்பட்டது. எனக்கு அழுகை வந்ததால் மண்டிக்காரர் மறுபடி சிரித்தார்.

இடுப்பு மட்டும் முழுசாகச் சரியாகவில்லை. மழைக்காலத்திலும் குளிரிலும் கடைசிவரை லேசாக இழுத்து நடப்பான். அந்த நடையை நித்யா ஒருநாளும் என்னிடம் சுட்டிக்காட்டவில்லை. நானும் பார்க்காமல் இருந்ததில்லை.

இரண்டு வருஷத்தில் அப்பாவுக்கு மறுபடி மாற்றல். நித்யா கடிதம் எழுதுவாள். அன்புடன் என்று போட்டுக் கையெழுத்திட வேண்டிய இடத்தில் ஆலுவின் அப்போதைய எடை இருக்கும். இரண்டாயிரத்துக்குப்பின் எனக்குக் கல்கத்தாவில் ஒரு வேலை கிடைத்துப் போனபோது ஆலுவுக்குப் பத்து வயது தாண்டியிருந்தது. முகம் முழுக்க வெள்ளை. என்னை மோந்து பார்த்தான். வால் ஆடியது. ஆனால் என் கைப்பையை மோக்கும்போது இன்னும் கொஞ்சம் அதிகமாக ஆடியது. அடுத்த குளிர்காலத்தில் தூக்கத்திலேயே போய்விட்டான். அந்த இனத்துக்கு அது நல்ல ஆயுசுதான் என்றார் அதே டாக்டர்.

அன்று நித்யா ஒன்று சொன்னாள். "நீங்க ஊரவிட்டுப் போனப்புறம் ஒரு வருஷம் அவன் மாடிக்கதவு முன்னாடி போய்ப் படுத்துப்பான். நான் கூப்பிட்டா வரமாட்டான். எவ்ளோ ஹிங்ஷே வரும் தெரியுமா எனக்கு, உன்மேல!" ஹிங்ஷே என்றால் பொறாமை. எனக்கு அந்த வார்த்தையைக் கற்றுக்கொடுத்தவளும் அவள்தான். அன்று ராத்திரி ஆலுவுக்காக அழுதுகொண்டே நான் சந்தோஷப்பட்டேன். மனுஷப் பிறவி அப்படி.

அந்த வீட்டை ப்ரொமோட்டர் வாங்கி இடித்து அடுக்குமாடி கட்டிவிட்டார். உருளைக்கிழங்கு மண்டி இருந்த இடத்தில் கைப்பேசிக் கடை வந்தது. மாமாவும் மாமியும் இல்லை. நித்யா கடல் தாண்டி ஒரு குளிர் நாட்டில் இருக்கிறாள். மகளோடு ஆங்கிலம் பேசுகிறாள், தமிழும் வங்காளமும் பேச அவளுக்கு அங்கே ஆளில்லை. பிறந்தநாளுக்குப் பேசிக்கொள்வோம். போன தடவை அனுப்பிய படத்தில் அவள் வீட்டு வாசலில் யாரோ ஒரு பெண்ணோடு தோளோடு தோள் உரசி உட்கார்ந்து சிரித்துக்கொண்டிருந்தாள். பக்கத்து வீட்டுக்காரியாம், நல்ல சிநேகிதியாம். படத்தைப் பெரிதாக்கி, அந்தப் பெண்ணின் முகத்தை வெகுநேரம் பார்த்தேன். பெயர் என்ன என்று மட்டும் கேட்கவே இல்லை.